மதகு அடைபட்டால்: குழந்தைகளின் சிறுநீரக வீக்கம்

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே வாழும் குன்றத்தூர் வட்டாரத்து மக்களுக்கு மதகு எது, கலங்கல் எது என்று எடுத்துரைக்கத் தேவையில்லை. ஏரிக்கு நீர் வரும் வழி எத்துணை முக்கியமோ, நீர் போகும் வழியும் அத்துணை முக்கியம். வரத்து நிற்காமல் மதகு மட்டும் அடைபட்டுப்போனால், தேங்கிய நீர் கரையை அழுத்தும். கரை உள்ளுக்குள் மெல்ல மெல்ல நெகிழும். தொலைவிலிருந்து காண்போர்க்கோ ஏரி நிறைந்து அழகாகவே தோன்றும்.

சில குழந்தைகளின் சிறுநீரகத்திலும் இதுவே நிகழ்கிறது. சிறுநீரகம் இரத்தத்தை வடித்துச் சிறுநீரைப் பிரித்தவண்ணம் இருக்கிறது. அச்சிறுநீர் முதலில் புனல் போன்ற ஓர் அறையில் சேர்ந்து, அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கி, பிறகு சிறுநீர்த் தாரை வழியே வெளியேறுகிறது. இவ்வழியில் எங்கேனும் அடைப்போ இடுக்கமோ இருந்தால், நீர் பின்னோக்கித் தேங்கி அந்த அறையை விரிக்கிறது. ஸ்கேன் அறிக்கையில் ‘சிறுநீரக வீக்கம்’ என்று எழுதப்படுவது இதுவே. குழந்தையோ பால் குடிக்கிறது, சிரிக்கிறது, தவழ்கிறது. ஒன்றும் இல்லாததுபோலவே தோன்றுகிறது.

இவ்வறிக்கையைக் கையில் பெற்ற பெற்றோர் இரு வகையில் இடறுவதை நாம் காண்கிறோம். சிலர் அதனை மரணத் தீர்ப்பாக எண்ணிக் கலங்குகின்றனர். வேறு சிலர், ‘குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று அறிக்கையைப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடுகின்றனர். முன்னதைவிடப் பின்னதே மிகுந்த தீங்கு விளைவிப்பது. ஏன் என்பதை நம் குடும்பங்கள் அறிந்துகொள்ளும்பொருட்டே இதனை எழுதுகிறோம்.

தாயின் வயிற்றிலேயே தெரியும் செய்தி

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்நோய் தெரியவந்த விதமே வேறு. குழந்தையின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், சிறுநீரில் சீழ் வந்தால், அல்லது வளர்ச்சி குன்றி உடல் வெளிறினால்தான் மருத்துவர் ஐயுறுவார். அதற்குள் பல நேரங்களில் சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதாகியிருக்கும். 1958ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டும் அவருடைய துணைவர்களும், ஒலியலைகளைக் கொண்டு வயிற்றினுள் இருப்பதைப் படமாகக் காணும் முறையை ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். அம்முறை வளர்ந்து கர்ப்பிணிகள் அனைவருக்கும் எட்டிய பிறகு, பிறவாத குழந்தையின் சிறுநீரகத்தையும் காண முடிகிறது.

அவ்வாறு காணும்போது, நூறு கர்ப்பங்களில் ஒன்று முதல் ஐந்து வரையில் சிசுவின் சிறுநீரகத்தில் ஓரளவு வீக்கம் தென்படுகிறது. அஃதாவது இது அரிதான செய்தியன்று. ஒரு பெரிய பங்கில் ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளை எண்ணினால், ஓரிரு வீடுகளிலாவது இவ்வார்த்தை கேட்கப்பட்டிருக்கும்.

இனி ஆறுதலான பகுதி. இவ்வீக்கங்களில் பெரும்பாலானவை இலேசானவை. பிறப்பதற்கு முன்போ, பிறந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளோ தாமே வடிந்துவிடுகின்றன. 2006ஆம் ஆண்டில், 17 ஆய்வுகளில் அடங்கிய 1,308 குழந்தைகளின் விவரத்தை ஒன்றுதிரட்டி ஒரு கணக்கெடுப்பு வெளியாயிற்று. கருவில் இலேசான வீக்கம் கண்டவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 12 பேரிடமே பிறந்தபின் உண்மையான கோளாறு இருந்தது. நடுத்தர வீக்கமாயின் 45. மிகுந்த வீக்கமாயின் 88. ஆகவே, ‘வீக்கம் இருக்கிறதா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எவ்வளவு இருக்கிறது? ஒரு பக்கமா, இரு பக்கமா? பனிக்குட நீர் போதுமான அளவு உள்ளதா?’ என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விடைகளைப் பொறுத்தே மேற்கொண்டு செய்ய வேண்டியது அமையும்.

பிறந்த முதல் நாளில் எடுத்த ஸ்கேன் சரியாக இருந்தது என்று சிலர் அமைதி கொள்வதுண்டு. முதல் இரண்டு நாட்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரப்பதால், உள்ள வீக்கமும் சிறியதாகத் தோன்றக்கூடும். எனவேதான் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்களின் இந்தியச் சங்கம் 2013இல் வெளியிட்ட நெறிமுறையில், முதல் வாரத்திற்குள் ஒரு ஸ்கேனும், நான்கு முதல் ஆறு வாரங்களில் மற்றொன்றும் வேண்டும் என்று கூறியுள்ளது. முதல் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் இரண்டாவதை விடலாகாது. இரு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தாலோ, பனிக்குட நீர் குறைந்திருந்தாலோ, ஒரே சிறுநீரகம் உள்ள குழந்தையாயிருந்தாலோ, காத்திராமல் ஓரிரு நாட்களுக்குள்ளேயே பார்த்துவிடுவார்கள்.

அடைப்பு எங்கே?

அடைப்பு நேரும் இடங்களுள் முதன்மையானது, புனல் போன்ற அறையும் குழாயும் கூடுகின்ற கழுத்துப்பகுதி. ஆண் குழந்தைகளிடத்தும் இடப்பக்கத்தும் இது மிகுதி. பெரும்பாலும் ஒரு சிறுநீரகத்தோடு நின்றுவிடும். குழாய் சிறுநீர்ப்பையினுள் நுழையும் இடத்தில் இடுக்கம் இருப்பதும் உண்டு. அடைப்பே இன்றி, சிறுநீர்ப்பையிலிருந்து நீர் பின்னோக்கி ஏறுவதாலும் சிறுநீரகம் வீங்கலாம்.

யாவற்றிலும் கடுமையானது, ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே நேரும் ஒன்று. சிறுநீர்ப்பையின் வாயிலுக்குக் கீழே, தாரையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வொன்று தடுக்கிதழ்போல் குறுக்கிட்டு நீரை மறிக்கிறது. 1919இல் ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதனை வகைப்படுத்தி விளக்கினார். பல்லாயிரம் ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கே இது வருகிறது. ஆயினும் தலைமதகே அடைபடுவதால் சிறுநீர்ப்பை, குழாய்கள், சிறுநீரகங்கள் இரண்டும் ஒருங்கே துன்புறுகின்றன.

ஒருபக்க அடைப்பின் முடிவு

ஒரு பக்கத்துக் கழுத்து அடைப்பு இருந்தால் உடனே அறுவை செய்தாக வேண்டும் என்பதில்லை. முன்னாளில் அவ்வாறே செய்தனர். பின்னர், சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் கவனித்துக் காத்திருக்கலாம் என்று ஆய்வாளர் கண்டனர். காத்திருந்த குழந்தைகளுள் இறுதியில் அறுவை தேவைப்பட்டோர் எத்தனை பேர் என்னும் கணக்கு, ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகிறது. சில மருத்துவமனைகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிலவற்றில் ஏறத்தாழப் பாதிப்பேர். எந்த அளவு வீக்கமுள்ள குழந்தைகளைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்த வேறுபாடு இது. எந்தக் குழந்தைக்கு அறுவை வேண்டும் என்பதைப் பிறந்த அன்றே எவராலும் கூற இயலாது. மீண்டும் மீண்டும் பார்த்தே அறிய இயலும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

பார்க்கும் வழி இரண்டு. ஒன்று ஸ்கேன். மற்றொன்று ரெனோகிராம். மிகச் சிறிதளவு கதிரியக்கம் கொண்ட மருந்தை நரம்பில் செலுத்தி, இரு சிறுநீரகங்களும் வேலையை எவ்விதம் பங்கிட்டுக்கொள்கின்றன என்று அளப்பது அது. நலமான நிலையில் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. வீங்கிய சிறுநீரகத்தின் பங்கு நூற்றுக்கு 40க்குக் கீழ் இறங்கினாலோ, முன்பு எடுத்த அளவிலிருந்து 10 போலக் குறைந்தாலோ, வீக்கம் வளர்ந்துகொண்டே போனாலோ, அறுவைக்குக் காலம் வந்துவிட்டது என்று பொதுவாக மருத்துவர் முடிவு செய்வர்.

அறுவைக்கு அஞ்ச வேண்டா. இதன் வரலாறு நெடியது. 1886இல் ஜெர்மானியரான டிரெண்டலென்பர்க் முதன்முதல் முயன்றார், நோயாளி பிழைக்கவில்லை. 1891இல் குயூஸ்டர் என்பார், ஒரே சிறுநீரகம் கொண்ட 13 வயதுச் சிறுவனுக்குக் குழாயை வெட்டி மீண்டும் இணைத்து வெற்றி கண்டார். 1949இல் ஆங்கில நாட்டு ஷெஃபீல்டு நகரில் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட முறையே இன்றளவும் உலகெங்கும் கையாளப்படுவது. இடுங்கிய பகுதியை நீக்கி, நல்ல குழாயை அறையோடு அகலமாகத் தைத்துவிடுகிறார்கள். நூற்றுக்கு 90க்கு மேற்பட்ட குழந்தைகளிடத்து இது வெற்றி பெறுகிறது.

அறுவைக்குப் பின் இரு செய்திகளை மறத்தலாகாது. முதலாவது, வெற்றிகரமாக முடிந்த பின்னரும் ஸ்கேனில் அறை ஓரளவு விரிந்தே காணப்படும். நெடுநாள் விரிந்திருந்த பை உடனே சுருங்காது. நீர் தடையின்றி இறங்குகிறதா, சிறுநீரகம் தன் பங்கைச் செய்கிறதா என்பவையே கணக்கு. இரண்டாவது, தைத்த இடம் ஆறும் வரையில் உள்ளே ஸ்டெண்ட் என்னும் மெல்லிய குழாயை வைப்பதுண்டு. சில வாரங்களில் அதனை எடுத்துவிட வேண்டும். வெளியே தெரியாததால் அதனை மறந்துவிடும் குடும்பங்கள் உண்டு. மறந்த குழாயைச் சுற்றிக் கல் படியும், நோய்க்கிருமி குடியேறும், செய்த நன்மையே தீமையாய் முடியும். எடுக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் அன்றே குறித்து வைத்தல் நலம்.

சிறுநீரகம் ஒன்று முற்றும் பயனற்றுப்போனாலும், மற்றொன்று நலமாக இருந்தால் குழந்தை வளரும், படிக்கும், விளையாடும். ஆண்டுதோறும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் கலக்கிறதா என்பதையும் பார்த்துவந்தால் போதும்.

தலைமதகு அடைபட்டவர்கள்

தாரையில் சவ்வு மறித்த ஆண் குழந்தைகளின் நிலை வேறு. பிறந்தவுடன் சிறுநீர்ப்பையில் குழாய் இட்டு நீரை வடித்து, உடல்நிலை தேறிய பின் நுண்கருவி மூலம் அச்சவ்வை அகற்றுகிறார்கள். அடைப்பு நீங்குகிறது, ஆனால் கருவில் இருந்தபோதே நேர்ந்த பழுது நீங்குவதில்லை. சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து லட்சம் வடிகட்டும் நுண்ணுறுப்புகள் உள்ளன. அவை யாவும் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிகின்றன. பிறந்தபின் புதிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. இழந்தது இழந்ததுதான். எஞ்சியிருப்பதைக் காப்பதே மருத்துவத்தின் வேலை.

பின்லாந்து நாட்டில் இத்தகைய 193 பேரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 44 பேருக்குச் சிறுநீரகம் முற்றும் செயலிழந்தது. அந்த 44 பேருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு அது நேர்ந்தது 17 வயதைக் கடந்த பின்னர். இதனை ஊன்றிப் படிக்க வேண்டும். ஐந்தில் நால்வர் அளவில் தப்பினர் என்பது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்து, ‘சிறு வயதில் ஏதோ செய்தார்களாம்’ என்று கூறித் திரியும் இளைஞனுக்கும் ஆபத்து காத்திருக்கலாம் என்பது எச்சரிக்கை. இக்குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பு வாலிபத்திலும் தொடர வேண்டும்.

மிகக் கடுமையான சில கர்ப்பங்களில், சிசுவின் சிறுநீர் வெளிவராமையால் பனிக்குட நீர் வற்றி, நுரையீரல் வளர்ச்சியும் தடைபடுகிறது. அக்குழந்தைகளுள் சிலர் பிறந்த சில மணி நேரத்திலேயே இறைவனடி சேர்கின்றனர். அத்தகைய உயிராபத்து வேளையில் குருவானவர் வரும்வரை காத்திராமல் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பதைப் பெற்றோரும் செவிலியரும் நினைவில் கொள்வார்களாக. அப்பெற்றோரின் துயரத்திற்கு முன் நாம் வாயடைத்து நிற்கிறோம். எனினும் இந்நிலை அரிது. வீக்கம் என்ற ஒரு சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் இதனை எண்ணிக் குழந்தையே வேண்டா என்று மனம் வெதும்புவோர், மேலே கூறிய கணக்குகளை நிதானமாகப் படித்துப் பார்ப்பார்களாக.

யார்மேல் குற்றம்?

கர்ப்ப காலத்தில் கிரகணத்தைப் பார்த்ததாலோ, பழம் உண்டதாலோ, வேலைக்குச் சென்றதாலோ இது வருவதில்லை. உறுப்புகள் உருவாகும்போது நேரும் பிறவிக் கோளாறு இது. ஆயினும் சில வீடுகளில் முதற்சொல் மருமகள்மீதே பாய்கிறது. பிள்ளை பெற்று இன்னும் உடல் தேறாத பெண், குழந்தையின் நோயோடு குடும்பத்தின் பழிச்சொல்லையும் சுமக்கிறாள். அவள் மனம் ஒடிந்தால் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வார் யார்? மாமியாரும் மாமனாரும் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே: ‘வா அம்மா, அடுத்த முறை நாங்களும் உடன் வருகிறோம்.’

வீட்டில் கவனிக்க வேண்டுவன

கருவில் ஸ்கேன் செய்யப்படாத அல்லது அப்போது தெரியாத குழந்தைகளும் உள்ளனர். ஆகவே எல்லாப் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆண் குழந்தையின் சிறுநீர் வீச்சாக விழாமல் சொட்டுச்சொட்டாக விழுந்தால், முக்கி முக்கி நீர் கழித்தால், அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ கட்டிபோல் தட்டுப்பட்டால், எடை ஏறாமல் இருந்தால், சிறுநீர் நாற்றமடித்தால் அல்லது சிவந்தால், வளர்ந்த குழந்தை அடிக்கடி ஒரு பக்க வயிற்றுவலியும் வாந்தியுமாகத் துடித்தால், தாமதம் கூடாது.

குறிப்பாகக் காய்ச்சல். சளியில்லை, இருமலில்லை, ஆயினும் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் காய்கிறது என்றால், ‘சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டுமா?’ என்று பெற்றோரே மருத்துவரிடம் கேட்கலாம். தேங்கிய நீரில் கிருமி பெருகினால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். நம் வீடுகளில் இதனை ‘சூடு’ என்று சொல்லித் தொப்புளில் விளக்கெண்ணெய் தடவுவதும், பார்லித் தண்ணீர் புகட்டுவதும், ‘மாந்தம்’ என்று மந்திரிக்கக் கொண்டுபோவதும் வழக்கம். பாட்டிமாரின் பரிவை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அடைபட்ட வழியை எண்ணெய் திறக்காது. கடைச் சொட்டு மருந்தால் காய்ச்சல் தணியும், கிருமி தணியாது.

பாதியில் நிறுத்துதல்

குன்றத்தூரிலிருந்து ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். தந்தை திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. தாய் வீட்டிலிருந்து துணி தைப்பவள். குழந்தைக்கு ஸ்கேன் தேதி வந்தால், விடியுமுன் எழுந்து பல்லாவரம் சென்று, மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, குழந்தைகள் மருத்துவமனையில் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் கூலி போயிற்று. மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர ஆளில்லை. முதல் முறை போவார்கள். இரண்டாம் முறையும் போவார்கள். ‘அப்படியே இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்று கேட்டபின், மூன்றாம் முறை மனம் தளர்கிறது. ‘அப்படியே இருப்பதைக் கேட்கவா ஒரு நாள் கூலியை இழப்பது?’ இது சோம்பலன்று, ஏழ்மையின் கணக்கு. ஆனால் அக்கணக்கில் ஓர் இனம் விடுபட்டுப்போகிறது. ‘அப்படியே இருக்கிறது’ என்பது வீண் செய்தியன்று. சிறுநீரகம் இன்னும் பிழைத்திருக்கிறது என்னும் நற்செய்தி. அது மாறும் நாளைக் கண்டுபிடிப்பதற்காகவே ஒவ்வொரு பயணமும். வலி எச்சரிக்கும் என்று காத்திருந்தால், பெரும்பாலும் வலி வருவதே இல்லை.

வழிகள் இல்லாமலில்லை. குழந்தை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் எஸ். டி. ஆச்சார் போன்றோரின் உழைப்பால் வளர்ந்த எழும்பூர் அரசு குழந்தைகள் நல நிலையத்தில், குழந்தைகளுக்கென்றே சிறுநீரக மருத்துவமும் அறுவை மருத்துவமும் உள்ளன. 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்கள் சேரலாம். குழந்தையின் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். 2013 முதல் அரசு மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிறவிக் குறைகளைக் கண்டறிகின்றன. அவர்களிடமும் கூறலாம்.

கர்ப்ப கால ஸ்கேன் முதல் கடைசி ரெனோகிராம் வரை எல்லா அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள். மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார். முந்தைய அளவு இல்லையேல் இன்றைய அளவுக்குப் பொருளில்லை. வீடு மாறினாலும், ஊர் மாறினாலும், கோப்பு உடன் செல்லட்டும்.

பங்குக் குடும்பங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு வீட்டின் குழந்தைக்கு இக்குறை இருப்பது அன்பியத்தாருக்குத் தெரியவந்தால், அதனைத் தெருவில் பேசாதிருப்பது முதல் உதவி. மருத்துவமனை செல்லும் நாளில் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இரண்டாம் உதவி. தந்தைக்கு விடுப்பு கிடைக்காதபோது ஒருவர் தாயுடன் துணை செல்வது மூன்றாம் உதவி. வின்சென்ட் தே பவுல் சபையினர் வழிச்செலவுக்குக் கைகொடுத்தால், அச்சிறு தொகை ஒரு சிறுநீரகத்தின் விலையாக அமையக்கூடும். நோயுற்றோரைச் சந்தித்தல் என்று நாம் மறைக்கல்வியில் கற்றது, படுத்த படுக்கையாகக் கிடப்போரைக் காண்பதோடு முடிவதில்லை. ஓடி விளையாடும் நோயாளிக் குழந்தையும் அதில் அடங்கும்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்த ஸ்கேன் அறிக்கை ஏதேனும் இருக்குமாயின், இன்று இரவே அதனை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மறுபடி வரச் சொன்ன நாள் கடந்திருந்தால் வெட்கப்பட வேண்டா. அதன் பொருட்டு எவரேனும் கடிந்துகொண்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் வாரத்திலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படுங்கள்.